அறுபத்திரண்டு கண்ணி

தூரம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "தூரம்னா என்ன? அது ஒரு அளவா?" என்பார். பக்கம் என்று சொன்னாலும் அதே கதைதான். கப்பலில் வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு எங்கள் தெருவில் நின்று பெருமாள் கோயிலுக்கு வழி கேட்டாள். "நேராப் போங்கம்மா. இருபத்தொரு சங்கிலி, நாப்பது கண்ணி. இடது கைப் பக்கம்" என்றார் இவர். அவள் கழுத்தில் கிடந்ததை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். அப்போதும் அவருக்குத் தாம் சொன்னதில் என்ன தவறு என்று விளங்கவில்லை. "சரியாத்தானே சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டார்.

சர்வே ஆபீசில் சங்கிலி பிடிப்பது அவர் வேலை. நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலி. அறுபத்தாறு அடி நீளம், நூறு கண்ணி. எண்பது சங்கிலி நீட்டினால் ஒரு மைல். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் பிடிக்க, முள்ளிலும் சேற்றிலும் இழுத்துக்கொண்டு போவார்கள். ஐம்பதுகளில் இந்தத் தீவில் அவர் கால் படாத சாலை என்று ஒன்று இருந்திருக்காது. பகலில் அளந்த சாலைகளிலேயே காலையில் ஓடவும் செய்வார். ஓட்டம்தான் அவருடைய நிஜமான வாழ்க்கை. யுத்தம் முடிந்த பிறகு மாரத்தான் ஓட்டத்தில் மூன்று தடவை முதலாவதாக வந்தவர். மாரத்தான் எத்தனை மைல் என்று கேட்டால் மைலில் பதில் வராது. "ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தேழரைச் சங்கிலி" என்பார். அரைச் சங்கிலிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் ஒருமுறை சிரித்தேன். "அந்த அரையில விழுந்தவங்களை நான் பாத்திருக்கேன்ம்மா" என்றார். அவர் சிரிக்கவில்லை.

தமிழர்கள் கூடி வாழ்ந்த தேக்காவில், எங்கள் வீட்டுக்கு எதிரே மிளகாய் அரைக்கும் மில் ஒன்று இருந்தது. அதன் பின்னறையில் தனியாகக் குடியிருந்தார். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் தும்முவார்கள். அவர் மட்டும் தும்மி நான் கேட்டதில்லை. வென்ற கோப்பைகள் மூன்றும் மில் முதலாளியின் மேசைமேல் இருந்தன. ஒன்றில் முதலாளி ஊதுபத்தி செருகி வைத்திருந்தார். அதற்காக இவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஓடும்போது தலையில் நிறைகுடம் இருப்பதுபோல் கழுத்து அசையாது. கால் மட்டும் போகும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த நாளில் ஊரில் பாதிப் பேர் மணி பார்ப்பதற்குப் பதிலாக எங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரத் துரைக்கும் தவுக்கே என்கிற சீன முதலாளிக்கும் மணி சொல்வேன். ஒரு நிமிடம் பிசகினாலும் மேற்பார்வைக்காரி வந்து பின்னால் நிற்பாள். இது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து, காலையில் ஓடக் கிளம்பும்போது என் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்க ஆரம்பித்தார்.

"மணி என்னம்மா?"

எங்கள் கூடத்துச் சுவரில் பெண்டுலம் ஆடும் கடிகாரம் ஒன்று உண்டு. ஜன்னலில் நின்று தலையைத் திருப்பினால் எனக்குத் தெரியும். தெருவில் நிற்பவருக்குத் தெரியாது. நான் மணி சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டு ஓடுவார். திரும்பி வந்ததும் மறுபடி கேட்பார். கைக்கடிகாரம் ஒன்று பரிசாகக் கிடைத்ததை ஈப்போவில் இருக்கும் தங்கை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாராம். வேறு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "கையில மணி இருந்தா கண்ணு அதுலயே கிடக்கும். ஓடறது ஒரு ஆளு, மணி பாக்கறது ஒரு ஆளுன்னு இருக்கணும். சங்கிலிகூட ரெண்டு பேர்தானே பிடிக்கிறோம்" என்றார்.

அந்தப் பேச்சை நான் எத்தனை நாள் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஒருநாள் எங்கள் தெருவையே அளக்க அவருடைய ஆபீசிலிருந்து வந்தார்கள். நான் ஜன்னலில் நின்று, "அண்ணே, உங்க வாசல்லேருந்து என் ஜன்னல் வரைக்கும் எவ்வளவு?" என்று கேலியாகக் கேட்டேன். அவருக்குக் கேலி புரியாது. சங்கிலியை மில் வாசலில் வைத்து, தெருவைக் கடந்து இழுத்து, என் ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள தூணில் முடித்தார். மறுமுனை பிடித்தவர் வெயிலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அறுபத்திரண்டு கண்ணி" என்றார் அண்ணாந்து பார்த்து. ஒரு சங்கிலிகூட இல்லை.

அண்ணே என்று கூப்பிட்டேன் என்றேன் அல்லவா, அதற்கும் ஒரு கதை உண்டு. என் அம்மாவை அவர் அக்கா என்பார். முறைப்படி நான் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா முதல் நாளே அந்த உறவுமுறையைப் போட்டுப் பார்த்துவிட்டாள். "அண்ணேன்னு கூப்பிடு, அது போதும்" என்றாள். அவருக்கு நாற்பத்தொரு வயது. ஊரில் பேசிய கல்யாணம் ஒன்று யுத்தத்தில் நின்றுபோய், பிறகு யாரும் பேசவில்லை. அம்மா சொன்னதைத் தட்டாமல் அண்ணே என்றே கூப்பிட்டேன். மனதுக்குள் எந்தப் பெயராலும் கூப்பிடத் துணிவு வரவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் அவருக்கு என்னிடம் ஒரு பெயர் இல்லை.

வருஷ மாரத்தானுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஓட்டத்தை நடத்துகிறவர்கள் இரண்டு பேர் காரில் வந்து மில் வாசலில் இறங்கினார்கள். தும்மி முடிக்கவே அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஓடுகிறவர்களுக்கு முன்னால் ஒரு கார் போகும், அதில் பழைய வீரர் என்று கொடி பிடித்து உட்கார்ந்து வர வேண்டும் என்று கேட்டார்கள்.

"நான் ஓடலாம்னு இருக்கேன்" என்றார் இவர்.

"வயசு ஆயிடுச்சு லா" என்றார் வந்தவர்களில் ஒருவர். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை; முதுகில் தட்டிக்கொண்டுதான் சொன்னார். "உங்களை எல்லாருக்கும் தெரியும். கார்ல வந்தா ஜனங்க சந்தோஷப்படுவாங்க. நடுவுல நின்னுட்டீங்கன்னா நல்லாவா இருக்கும்?"

யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டு என் ஜன்னலுக்குக் கீழே வந்தார். புக்கிட் தீமா சாலையில் ஆறு மைல் போய், ஆறு மைல் திரும்பி வருவது அவருடைய வழக்கமான ஓட்டம். தொள்ளாயிரத்து அறுபது சங்கிலி. "நாளைக்கு எழுபத்தஞ்சு நிமிஷத்துல வந்தேன்னா ஓடறேன். இல்லாட்டி கார்ல ஏறிக்கிறேன். நீங்க மணி பாத்துச் சொல்லுங்க" என்றார். "மணி விஷயத்துல உங்களைவிட நம்பிக்கையான ஆளு இந்தத் தேக்காவுல யாரு இருக்கா?"

மறுநாள் சரியாக ஆறு மணிக்குக் கிளம்பினார். அன்று நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. விடிந்தது. பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். ஏழே காலுக்குக் கடிகாரம் ஒரு அடி அடித்தது. தெரு முனையில் யாரும் இல்லை. ஏழு இருபதுக்கு அவர் வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கேட்கக்கூட இல்லை, முகத்தில்தான் கேள்வி இருந்தது.

"ஏழே கால்" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை என்னால் எழுத முடியாது. எழுத வேண்டாம் என்றும் தோன்றுகிறது, அது நான் திருடிப் பார்த்த முகம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி அவரைக் காரில் உட்காரவைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. ஓட்டம் நின்றால் மணி கேட்பதும் நின்றுவிடும்.

ஒரு பொய்யோடு நிறுத்த முடியுமா? அடுத்த ஓட்டத்தில் எண்பது என்றால் அவர் இடிந்துவிடுவார். ஆகவே இரண்டு மாதமும், அவர் பன்னிரண்டு மைல் ஓடிய ஒவ்வொரு காலையும் ஐந்து நிமிடம் குறைத்தே சொன்னேன். ஐந்துக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அவரோடு பழகி எனக்கும் அளவு சுத்தம் வந்துவிட்டிருந்தது. அங்கே எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் நொடி பிசகாமல் மணி சொல்லிவிட்டு வந்து, ஒரே ஒரு மனிதரிடம் மட்டும் பொய் சொன்னேன்.

ஒருநாள் கால் ஆடுசதையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "காலு எண்பதுங்குது. நீங்க எழுபத்தஞ்சுங்கறீங்க. காலுக்கு வயசாயிடுச்சும்மா, பொய் சொல்லக் கத்துக்கிச்சு."

நான் சிரித்துவைத்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அன்று முழுவதும் நினைத்தேன். மறுநாள் காலை அவர் அண்ணாந்து பார்த்ததும் வாய் தானாக ஐந்து நிமிடத்தைக் கழித்துக்கொண்டது.

மாரத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரர் பார்க் திடலில் விடியற்காலையில் தொடங்கி, தீவைப் பாதி சுற்றி அங்கேயே வந்து முடியும். நான் ஒரு தோழியிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, அவளுடைய கைக்கடிகாரத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டு திடலில் நின்றேன். முதல் ஆள் வந்தான். சீனப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். பிறகு ஒரு பட்டாளத்துக்காரர். பிறகு பத்துப் பேர், இருபது பேர். கொடி பிடித்த கார் எப்போதோ வந்து நிழலில் நின்றிருந்தது. ஜனங்கள் கலைந்தார்கள். எல்லைக்கோட்டில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்கள். நேரம் குறிக்கிறவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். ஐஸ் தண்ணீர் விற்ற பாயும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

அதற்கும் பிறகுதான் அவர் வந்தார். நடந்து வந்தார். இடது காலைத் தரையில் இழுத்தார். திடல் வாசலுக்கு வெளியே, இன்னும் முந்நூற்றுச் சொச்சம் கெஜம் இருக்கும் இடத்தில், ஒரு கணம் நின்றார். அங்கே பதினேழரைச் சங்கிலி பாக்கி என்று அவருக்குத் தெரியும். அந்தப் பதினேழரையையும் ஓடினார். அதை ஓட்டம் என்று வேறு யாரும் சொல்லமாட்டார்கள். கழுத்து மட்டும் எப்போதும்போல் அசையவில்லை. கயிறு இல்லாத எல்லைக்கோட்டைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றார்.

"மணி என்னம்மா?"

"பத்து இருபது" என்றேன். உண்மையான மணி. இரண்டு மாதத்தில் முதல் தடவை.

புல்லில் உட்கார்ந்தார். நான் கொண்டுபோன தண்ணீரைக் குடித்தார். பிறகு சொன்னார். "பன்னண்டாவது மைல்ல எண்பது நிமிஷம்னு கத்தினாங்க. தினமும் ஓடறமாதிரிதான் ஓடினேன், எழுபத்தஞ்சு இருக்கணுமே? அஞ்சு நிமிஷம் எங்கேயோ விட்டுட்டோம்னு நினைச்சு, அதைப் பிடிக்க ஓடினேன். பதினெட்டாவது மைல்ல காலு செத்துப்போச்சு." புல்லைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார். "உங்க வீட்டுக் கடிகாரம் மெதுவா ஓடுதோ?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "இருக்கும் அண்ணே. பழைய கடிகாரம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு மதியம் வேலை முடிந்து வந்தால், எங்கள் கூடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மடியில் சர்வே ஆபீசிலிருந்து கொண்டுவந்த பெரிய கடிகாரம். கண் சுவரில். எதிரே அம்மா, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, மானம் போன முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என் கடிகாரம் மெதுவாவா?" என்றாள் அம்மா என்னைப் பார்த்ததும். "நீயே சொல்லு. தினமும் ரேடியோவுல மணி அடிக்கையில பாத்துத்தானே உலை வைக்கிறேன்?"

"எண்பது நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் முழுங்கினா, ஒரு நாளைக்கு ஒண்ணரை மணி நேரம் முழுங்கியிருக்கும்க்கா" என்றார் அவர் கண்ணை எடுக்காமல். "நீங்க மத்தியானச் சோத்தை சாயங்காலம் வடிச்சிருப்பீங்க. அதனாலதான் எனக்கும் சந்தேகமா இருக்கு. எதுக்கும் பாத்துடறேன்."

எண்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவரோடு ஒரே அறையில் அவ்வளவு நேரம் இருந்தது அன்று மட்டும்தான். அந்த எண்பது நிமிடத்தை நினைத்து வெட்கப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் எழுந்தார். "சரியா ஓடுதுக்கா. ஒரு நிமிஷம்கூடப் பிசகில்லை."

"நான்தான் சொன்னேனே" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அளந்து முடித்த நிலத்தைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார். மீதி இருந்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.

மூன்று நாள் ஜன்னல் பக்கம் வரவில்லை. செருப்பில்லாமல் மெதுவாக ஓடிப் போவதும் வருவதும் ஜன்னல் கதவிடுக்கில் தெரிந்தது. மணி கேட்கவில்லை. நான் மூன்று நாளும் சாப்பிட்டேனா என்று ஞாபகமில்லை. எக்ஸ்சேஞ்சில் யாரோ ஒருவருக்கு மணியைத் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கியது ஞாபகமிருக்கிறது.

நான்காம் நாள் காலை, கீழே குரல் கேட்டது.

"மணி என்னம்மா?"

"ஆறு" என்றேன். "சரியா ஆறு, அண்ணே."

திரும்பி வந்தார். நான் கடிகாரத்தை ஒன்றுக்கு மூன்று முறை பார்த்துவிட்டுச் சொன்னேன். "ஏழு இருபத்தேழு."

"எண்பத்தேழு" என்றார். காலைக் குனிந்து தடவினார், கோபித்துக்கொண்டு போன பிள்ளை திரும்பி வந்ததுபோல. "சரிதான். இதுவும் எண்பத்தேழுன்னுதான் சொல்லிச்சு." பிறகு அண்ணாந்து, "நாளைக்கும் நில்லுங்க" என்றார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் பேசியது அவ்வளவே. மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு இடமும் வைக்கவில்லை.

அடுத்த வருஷமும் ஓடினார். நாற்பத்திரண்டு வயதில் முதலாவது வர முடியாது என்பதைக் காலிடமும் என்னிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஓடினார். முதல் மைல் எப்படியோ அப்படியே கடைசி மைல். ஆரம்பத்தில் பாய்ந்த பையன்கள் வெயிலில் ஒவ்வொருவராக உட்கார, இவர் அதே கழுத்தோடு அவர்களைக் கடந்து வந்து ஆறாவதாக முடித்தார். கயிறு அவிழ்க்கப்படவில்லை, நேரம் குறிக்கிறவர் இருந்தார். ஆறாவது ஆளுக்குக் கோப்பை கிடையாது. "நான் ஓடினதுலயே இதுதான்மா நல்ல ஓட்டம்" என்றார். வயதான வீரரால் இனி முடியுமா என்று இப்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்து விவாதம் செய்யும்போது நான் வாய் திறப்பதில்லை. முடியும், பக்கத்தில் நிற்பவர்கள் மணியை ஒழுங்காகச் சொன்னால்.

பிறகு தீவின் மேற்குக் கோடியில், ஜூரோங்கில், காட்டையும் சதுப்பையும் அழித்துத் தொழிற்சாலை கட்டப் போகிறார்கள் என்றார்கள். அளப்பதற்கு ஆட்கள் அங்கேயே தங்க வேண்டும், குடியிருப்பும் கொடுத்தார்கள். எனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நல்ல மனிதர், துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி. இப்போது ஆங் மோ கியோவில் இருக்கிறேன். இங்கிருந்து ரயில் ஏறினால் ஜூரோங் ஒன்றும் பெரிய பயணமில்லை. அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இறங்கித் தேடியதில்லை.

அவர் கிளம்பிய அன்று மில் வாசலில் லாரி நின்றது. ஒரு பெட்டி, ஒரு பாய், இரண்டு கோப்பை. ஊதுபத்திக் கோப்பையை முதலாளிக்கே விட்டுவிட்டார். லாரியில் ஏறப் போனவர் திரும்பி, தெருவைக் கடந்து, தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மணி கேட்பார் என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. சும்மா நின்றார்.

ஏதாவது பேச வேண்டுமே என்று நான்தான் கேட்டேன். "ஜூரோங் எவ்வளவு இருக்கும் அண்ணே, இங்கேருந்து?"

அந்தச் சாலை முழுவதையும் சங்கிலி போட்டு அளந்தவர் அவர். கண்ணிக் கணக்கு உட்பட அவருக்குத் தெரியும். அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"ரொம்பத் தூரம்மா" என்றார்.